நாலு பேர்

குல்தானியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்டுக்குக்
காசு போட்டால்தான் உயிர் வரும்.
பத்து தெத்ரியை விழுங்கிவிட்டு
நாற்பது நொடி முனகும்.
அந்த நாற்பது நொடி
எங்கே பார்ப்பதென்று தெரியாதவர்களின் கண்ணுக்கு நேரே
ஒட்டிவைத்தேன்:

நெஸ்தான். உடற்பயிற்சியாளர்.
முன்னாள் ஜூடோ வீராங்கனை.
முதல் வகுப்பு இலவசம்.

கீழே வால் வாலாக நறுக்கிய ஃபோன் நம்பர், பன்னிரண்டு.
ஒரு வாரத்தில் மூன்றைக் காணோம்.
ஒன்றில் யாரோ சூயிங் கம்மை மடித்துப்
பொத்தான்களுக்குக் கீழே செருகியிருந்தார்கள்.
ஃபோன் ஒரே ஒரு முறை அடித்தது.
வங்கி. தவணை பாக்கி.

ஜிம்மில் இருந்தபோது மேனேஜர் சொல்லிக்கொடுத்தார்:
கண்ணாடி முன் நிறுத்து,
இது யாரென்று கேள்,
கண் கலங்கினால் ஆறு மாதக் கட்டணம் கையில்.
எனக்கு விழவைக்கத் தெரியும்.
அழவைக்க வரவில்லை.
அதனால்தான் இப்போது ஜிம்மில் இல்லை.

"நாலு பேருக்குத் தெரிந்தால் போதும்,
அப்புறம் தானாக வரும்" என்றாள்
ரொட்டிக்கடை இர்மா.
எந்த நாலு பேர் என்று
அவளும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் லிஃப்ட் செத்தது,
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே,
என் பெயரையும் மிச்சமிருந்த ஒன்பது வாலையும்
வயிற்றில் வைத்துக்கொண்டு.

ஏழாவது மாடித் திருப்பத்தில் போந்தோ உட்கார்ந்திருந்தார்.
டாக்ஸி ஓட்டுபவர். நூற்றுப்பத்து கிலோ இருப்பார்.
மடியில் குழந்தைபோல ஆக்ஸிஜன் சிலிண்டர்.
"லிஃப்ட்டில் இருப்பவள் நீதானே?"
"இப்போது படியில் இருக்கிறேன்."

அவர் மூச்சு திரும்பும்வரை நின்றேன்.
பிறகு தொழில் புத்தி:
எத்தனை கிலோ குறைக்கணும்?

"குறைக்க வேண்டாம். சுமக்கணும்.
அப்பா எட்டாவது மாடியில்.
வசந்தம்வரை என்கிறார்கள்.
லிஃப்ட் ஓடினாலும் பெட்டி அதில் நுழையாது.
கால்மாட்டில் நான்தான்.
நடுவில் என் முட்டி மடங்கக் கூடாது."

இதற்கு என்னிடம் விலைப்பட்டியல் இல்லை.
வகுப்புக்கு இருபது லரி என்றேன்.
"முதல் வகுப்பு இலவசம் என்று போட்டிருந்தாய்" என்றார்.

இறங்கும்போது பாரமெல்லாம் கீழே நிற்பவன் மேல் சரியும்.
ஒருவனை மட்டும் பழக்கிப் பயனில்லை.
இரண்டாம் வாரம் தம்பி மமுக்கா வந்தான்,
பிறகு மச்சான் ஸாவூர்,
பிறகு ஸாவூரோடு சீட்டாடும் அவ்தோ.
ஒரு பழைய கதவு, அதன்மேல் மணல் மூட்டைகள்.
குதிகால் முதலில். பார்வை படியில் வேண்டாம்.
எண்ணுவது நான்.
எட்டிலிருந்து தரைவரை, மறுபடி எட்டுக்கு.

மார்ச்சில் ஒரு நாள் கிழவர் கதவைத் திறந்துவைக்கச் சொன்னார்.
கட்டிலிலிருந்தே மூட்டைகளை எண்ணினார்.
"இவ்வளவு மணல் எதற்கு?
நான் இப்போது ஐம்பத்தெட்டுதான்."
யாரும் பேசவில்லை.
"ஒரு மூட்டையை எடுங்கள்" என்றார், கறாராக.
நான் எடுத்தேன்.
பெட்டிக்கும் எடை உண்டென்று
அவரிடம் எப்படிச் சொல்வது?
அவர் தூங்கியபின் திரும்ப ஏற்றினோம்.

அன்று நான் எண்ணவில்லை.
மூன்றாவது மாடியில், சுவரோடு சுவராக நின்றேன்.
எட்டுக் கால்களும் ஒரே ஒலியாக இறங்கி வந்தன.
திருப்பத்தில் கூடப் பெட்டி சாயவில்லை.
போந்தோவின் முகம் நனைந்திருந்தது,
முட்டி நேராக இருந்தது.

மூன்றாம் நாள் அதே மாடியின் சியூரி என் கதவைத் தட்டினாள்.
கதவிடுக்கில் பார்த்தாளாம்.
எதற்குப் பயிற்சி என்று கேட்டேன்.
யோசித்தாள்.
"தெரியவில்லை. அந்தச் சத்தம் மாதிரி நடக்கணும்."
அவளுக்குப் பின்னால் அவள் தங்கை.

லிஃப்ட் இப்போது ஓடுகிறது.
நோட்டீஸைக் கிழிக்கவில்லை. ஒன்பது வால் அப்படியே.

நாற்பதாம் நாள் முடிந்து போந்தோ வந்தார்.
அதே நூற்றுப்பத்து கிலோ.
இருபது லரி நோட்டை மேசைமேல் வைத்து நீவினார்.
"அந்த முதல் வகுப்புக்கு."
பிறகு, ஷூ லேஸ் கட்டக் குனிந்தார்.